திடீரென நிற்கும் இதயம்: டயாலிசிஸ் கட்டிலும் கால்பந்து மைதானமும்

இடது காறை எலும்புக்குக் கீழே தோலைக் கீறி உள்ளே வைத்துத் தைத்துவிடுகிற கருவி அது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதிலிருந்து கிளம்பும் மெல்லிய கம்பி ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போய் நிற்கும். இதயத்தின் கீழறைகள் துடிப்பதை மறந்து வெறுமனே நடுங்க ஆரம்பித்தால், சில நொடிகளில் அதைக் கண்டுகொண்டு மின்னதிர்ச்சி கொடுத்து ஒழுங்குக்குக் கொண்டுவரும். மருத்துவர்கள் 'ஐசிடி' என்பார்கள். நோயாளிகளும் வீட்டாரும் பெரும்பாலும் இதையும் 'பேஸ்மேக்கர்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். சாதாரண பேஸ்மேக்கர் தளர்ந்துபோன துடிப்பைத் தட்டிக்கொடுக்கும். ஐசிடிக்கு அந்த வேலையும் தெரியும். ஆனால் அதைப் பொருத்துவதே தறிகெட்டு ஓடும் துடிப்பை ஒரே அடியில் நிறுத்தத்தான்.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடிய யூரோ கோப்பை ஆட்டத்தில், முதல் பாதி முடியச் சில நிமிடங்கள் இருக்கையில், எவரும் மோதாமலே கிறிஸ்டியன் எரிக்சன் சரிந்து விழுந்தார். வயது 29. நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்து, மைதானத்திலேயே அவரை மீட்டார்கள். சில நாட்களில் ஐசிடி பொருத்தப்பட்டது. அந்தக் கருவியோடு இத்தாலியில் ஆட அனுமதி இல்லை என்பதால் இன்டர் மிலான் அணியை விட்டு, 2022இல் இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்டுக்கு ஆடப் போனார். 2024 யூரோ கோப்பையில் மறுபடியும் டென்மார்க்குக்காக இறங்கி கோல் அடித்தார்.

இதே கருவியை நெதர்லாந்தில் லைடன் பல்கலைக்கழக மருத்துவமனையின் தலைமையில் டயாலிசிஸ் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். யோசனை நியாயமானது. டயாலிசிஸில் இருப்பவர்களின் மரணங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று திடீர் இதய நிறுத்தம். அப்படியானால் இதயம் நிற்கும்வரை காத்திருப்பானேன்? முன்கூட்டியே கருவியைப் பொருத்திவிட்டால் என்ன? 188 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கருவியும் மற்றதற்கு வழக்கமான சிகிச்சையும் தந்தார்கள். முடிவு 2019இல் வெளியானது. ஐந்தாண்டுக் கணக்கில் திடீர் இதய மரணம் கருவி வைத்தவர்களில் 9.7 சதவீதம், வைக்காதவர்களில் 7.9 சதவீதம். ஐந்தாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் முறையே 50.6, 54.5 சதவீதம். இந்த வேறுபாடுகளுக்குப் புள்ளியியல் கணக்கில் பொருளில்லை. கருவியால் பயனில்லை என்பது தெளிவாகிவிட்டதால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தும்படி கண்காணிப்புக் குழு சொல்லிவிட்டது.

ஒருவரை மறுபடி களத்துக்கு அனுப்பிய கருவி இன்னொரு கூட்டத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. கருவியைப் பொருத்தியும் பாதிப்பேர் ஐந்தாண்டுக்குள் போய்விட்டார்கள். 'கார்டியாக் அரெஸ்ட்' என்று சான்றிதழில் ஒரே பெயரில் எழுதுகிறோமே தவிர, இவை வேறு வேறு மரணங்கள் என்பது என் துணிபு. கடந்த ஐம்பது ஆண்டுகளின் ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் வேறு முடிவுக்கு வர முடியவில்லை.

சிறுநீரகப் பக்கத்துக் கதை சியாட்டிலில் தொடங்குகிறது. 1960 மார்ச்சில் பெல்டிங் ஸ்கிரிப்னர் ஒரு டெஃப்லான் குழாயைக் கையில் தமனிக்கும் சிரைக்கும் நடுவே நிரந்தரமாகப் பொருத்தினார். அதுவரை டயாலிசிஸ் என்றால் ஒவ்வொரு முறையும் புதிதாக ரத்தக்குழாயை வெட்டித் திறக்க வேண்டும். சில முறைக்குப் பிறகு வெட்ட இடமிருக்காது. குழாய் நிலைத்ததும் வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ் என்பது முதல்முறையாகச் சாத்தியமாயிற்று. முதல் நோயாளி, போயிங் விமானத் தொழிற்சாலையில் மெஷினிஸ்டாக வேலை பார்த்த 39 வயதுக்காரர். இன்றோ நாளையோ என்று கிடந்தவர் அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். கடைசியில் அவரைக் கொண்டுபோனது சிறுநீரகம் அல்ல, மாரடைப்பு.

அவர் விதிவிலக்கு அல்ல என்பதை ஸ்கிரிப்னரின் குழுவே 1974இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதியது. 39 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில் 23 பேர் இறந்திருந்தனர்; அதில் 14 மரணங்கள் ரத்தக்குழாய் தடித்து அடைபடுவதால் வந்தவை. தாம் உருவாக்கிய சிகிச்சையின் குறையைத் தாமே அச்சிட்டுக் காட்டிய நேர்மைக்காகவே அந்தக் கட்டுரையைப் படிக்கலாம். ஆனால் அது ஒரு தலைமுறை மருத்துவர்களை ஒரே திசையில் ஓடவைத்தது: டயாலிசிஸ் நோயாளிக்கு வருவது ஊரிலுள்ள மற்றவர்களுக்கு வரும் அதே இதய நோய்தான், கொஞ்சம் வேகமாக வருகிறது; ஆகவே அதே மருந்து, அதே ஸ்டென்ட்.

அந்த நம்பிக்கை ஒவ்வொன்றாகச் சரிந்தது. ஜெர்மனியில் சர்க்கரை நோயும் டயாலிசிஸும் சேர்ந்த 1,255 பேரிடம் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரையான அட்டார்வாஸ்டாட்டினைச் சோதித்தார்கள். நான்கே வாரத்தில் கெட்ட கொழுப்பு 42 சதவீதம் குறைந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றின் கூட்டுக் கணக்கு சொல்லும்படியாகக் குறையவில்லை. 2005இல் இது வந்தபோது சர்க்கரை நோயாளிகளை மட்டும் எடுத்ததால் அப்படி ஆகியிருக்கலாம் என்றார்கள். 2009இல் 2,776 பேரைக் கொண்டு இன்னொரு ஸ்டாடினைச் சோதித்த ஆய்வும் அதையே சொன்னது. 2020இல் வெளிவந்த வேறொரு ஆய்வு, சிறுநீரகம் மிகவும் கெட்டுப்போய் இதய ரத்தக்குழாய் அடைப்பும் இருந்த 777 பேரை எடுத்துக்கொண்டது. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே டயாலிசிஸில் இருந்தவர்கள். ஆஞ்சியோ செய்து, தேவைப்பட்டால் அடைப்பை நீக்கும் பிரிவில் மூன்றாண்டுகளில் மாரடைப்போ மரணமோ அடைந்தவர்கள் 36.4 சதவீதம். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 36.7. அடைப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. நெஞ்சுவலியால் துடிப்பவருக்குச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அறிகுறி ஏதுமின்றி இருக்கும் டயாலிசிஸ் நோயாளியை 'எதற்கும் ஒரு ஆஞ்சியோ பார்த்துவிடலாம்' என்று அழைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் எழுதிக்காட்ட வேண்டும்.

கொழுப்பும் அடைப்பும் முதன்மைக் குற்றவாளிகள் இல்லையென்றால் வேறு என்ன? விடை தேட டயாலிசிஸ் வார்டுக்குள் நான்கு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

உள்ளே வந்ததும் முதல் வேலை எடை பார்ப்பது. "எத்தனை கிலோ ஏறியிருக்கு?" என்பதுதான் அங்கே நலம் விசாரிப்பு. உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை 'டிரை வெயிட்' என்று குறித்துவைத்திருப்பார்கள். 58 கிலோ இருக்க வேண்டியவர் 61.5 கிலோவோடு வந்தால், அந்த 3.5 கிலோவும் கடந்த இரண்டு மூன்று நாட்களில் குடித்த தண்ணீர், காபி, ரசம், குழம்பு. சிறுநீர் போகாததால் அத்தனையும் உள்ளேயே நிற்கிறது. நான்கு மணி நேரத்தில் இயந்திரம் அதை எடுத்தாக வேண்டும். பெரியவர் ஒருவரின் ரத்தத்தில் பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி மொத்தமே ஏறத்தாழ மூன்று லிட்டர்தான். அதாவது ரத்தக்குழாய்க்குள் இருப்பதைவிட அதிகமான நீரை அதே ரத்தக்குழாய் வழியாக இறைக்க வேண்டியிருக்கிறது. எடுக்க எடுக்கச் சதையிலிருந்தும் திசுக்களிலிருந்தும் நீர் ஊறிவந்து ரத்தத்தை நிரப்பும். ஊறுகிற வேகம் இறைக்கிற வேகத்துக்கு ஈடுகொடுக்காவிட்டால் பிரஷர் விழும். அனுபவமுள்ள டெக்னீஷியன்கள் கருவியைப் பார்ப்பதற்கு முன்பே அதைக் கண்டுகொள்வார்கள்: நோயாளி கொட்டாவி விடுவார், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், முகம் வெளிறும். நீர் எடுப்பதை நிறுத்தி, காலைத் தூக்கிவைத்து, கொஞ்சம் சலைன் ஏற்றுவார்கள். எடுத்ததில் ஒரு பங்கு திரும்ப உள்ளே போகும்.

இந்த ஏற்ற இறக்கத்தில் இதயத்துக்கு என்ன ஆகிறது என்று இங்கிலாந்தின் டெர்பியில் கிறிஸ்டோபர் மேக்கின்டையரின் குழு எக்கோ வைத்துப் பார்த்தது. 2009இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 70 பேரில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு, டயாலிசிஸ் நடக்கும்போதே இதயச் சுவரின் சில பகுதிகள் சுருங்கும் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தியிருந்தன. அந்தத் தசைகளுக்கு ரத்தம் எட்டவில்லை. வாரம் மூன்று முறை, ஆண்டுக்கு 150 முறைக்கு மேல் இது நடந்தால் தசை தழும்பேறிப்போகும் என்று வாதிட்டார்கள். டயாலிசிஸ் திரவத்தை அரை டிகிரி, ஒரு டிகிரி குளிரவைத்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கிப் பிரஷர் விழாது, இதயம் தப்பும் என்று சிறிய ஆய்வுகள் காட்டின. செலவில்லாத வழி, இயந்திரத்தில் ஒரு பொத்தானைத் திருப்பினால் போதும். உலகின் பல மையங்கள் சட்டென்று மாறிக்கொண்டன.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் மட்டும் அவசரப்படாமல் சோதித்துப் பார்த்தது. 84 டயாலிசிஸ் மையங்களையே குலுக்கிப் பிரித்தார்கள். பாதி மையங்களில் நோயாளியின் உடல் வெப்பத்துக்கு ஏற்பக் குளிர்ந்த திரவம், பாதியில் வழக்கமான 36.5 டிகிரி. நான்காண்டுகளில் 15,000க்கும் மேற்பட்ட நோயாளிகள், 43 லட்சம் டயாலிசிஸ் அமர்வுகள். 2022இல் லான்செட்டில் வந்த முடிவு: இதய மரணத்திலும் மருத்துவமனைச் சேர்க்கையிலும் வேறுபாடே இல்லை. குளிர்ந்த பிரிவில் இருந்தவர்கள் நடுங்கியதுதான் மிச்சம். எனக்கு இந்த ஆய்வின் மீது தனி மரியாதை உண்டு. தர்க்கம் அழகாக இருந்தது, எக்கோ படம் கண்முன் இருந்தது, செலவும் இல்லை. இத்தனையும் இருந்தும் அது வேலை செய்யவில்லை என்பதைக் கண்டுபிடிக்க 43 லட்சம் அமர்வுகள் தேவைப்பட்டன.

உண்மையான தடயம் நாட்காட்டியில் கிடந்தது. டயாலிசிஸ் நோயாளிகளை இரண்டு வரிசையாகப் பிரிப்பது வழக்கம்: திங்கள்-புதன்-வெள்ளி ஒரு வரிசை, செவ்வாய்-வியாழன்-சனி மற்றொன்று. ஞாயிறு விடுமுறை. ஆகவே எல்லோருக்கும் வாரத்தில் ஒரு முறை இடைவெளி ஒரு நாள் நீளும். சிறுநீரகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, இயந்திரத்துக்கு உண்டு. 1999இலேயே அமெரிக்காவில் ஆந்தனி ப்ளையர் என்ற மருத்துவர், டயாலிசிஸ் நோயாளிகளின் திடீர் மரணங்கள் திங்களிலும் செவ்வாயிலும் குவிவதைச் சுட்டிக்காட்டினார். வயிற்றுக்குள் திரவம் விட்டு வீட்டிலேயே தினமும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் அந்தக் குவியல் இல்லை. 2011இல் 32,065 நோயாளிகளை வைத்து ராபர்ட் ஃபோலியின் குழு கணக்கிட்டது: நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில் இறப்பு வீதம் நூறு நபர்-ஆண்டுக்கு 22.1; மற்ற நாட்களில் 18.0.

மூன்று நாள் இடைவெளியில் நீரும் ஏறுகிறது, பொட்டாசியமும் ஏறுகிறது. பொட்டாசியம் என்பது இதயத்தின் ஒவ்வொரு செல்லும் மின்னூட்டம் பெறவும் இழக்கவும் பயன்படுத்தும் உப்பு. அது ரத்தத்தில் அதிகமானால் துடிப்பு மெதுவாகி, கடைசியில் நின்றே போகலாம். வெயிலில் வந்தவருக்கு வீட்டார் அன்போடு வெட்டிக் கொடுக்கும் ஒரு இளநீர் இவர்களுக்கு ஏன் ஆகாது என்பதற்குக் காரணம் இதுதான். அதே நேரம் அதை விரட்டி வேகமாகக் குறைத்தாலும் ஆபத்து. 2001இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், டயாலிசிஸ் நடக்கும்போதே இதயம் நின்ற 400 சம்பவங்களை அலசினார்கள். ஒரு லட்சம் அமர்வுக்கு ஏழு. பொட்டாசியம் மிகக் குறைவாக இருந்த திரவத்தைப் பயன்படுத்தியவர்கள் அவர்களில் அதிகம் இருந்தார்கள். அதிகமும் ஆகாது, அவசரமும் ஆகாது.

நிற்கும் தருணத்தில் இதயத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை நேரடியாகப் பதிவுசெய்ய ஒரே வழி, தோலுக்கடியில் சிறு பதிவுக்கருவியை வைத்து மாதக்கணக்கில் காத்திருப்பது. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் 66 நோயாளிகளிடம் அதைச் செய்தார்கள். 2018இல் வெளிவந்த அந்த ஆய்வில் மருத்துவ ரீதியில் கவலைப்படத்தக்க துடிப்புக் கோளாறுகள் 1,678 பதிவாகியிருந்தன. அவற்றில் 1,461 துடிப்பு மிகவும் குறைந்துபோனவை. இதயம் சில கணங்கள் நின்றே போனவை 14. ஐசிடி எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதோ அந்த நீடித்த கீழறை அதிவேகத் துடிப்பு? ஒன்றே ஒன்று. இந்தக் கோளாறுகள் அதிகம் நேர்ந்த பொழுது, நீண்ட இடைவெளியின் கடைசி 12 மணி நேரம். அதாவது நோயாளி அடுத்த நாள் மருத்துவமனைக்குக் கிளம்பத் துணி எடுத்துவைக்கும் இரவு. நெதர்லாந்தில் கருவி ஏன் தோற்றது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அதிர்ச்சி கொடுத்து அடக்க அங்கே ஒரு கலகம் இல்லை. ரத்தத்தின் உப்பும் நீரும் கெட்டுப்போய் அணைந்துவரும் இதயம்தான் இருந்தது.

இனி மைதானத்துக்குப் போவோம். 1899இல் ஸ்வீடனின் உப்சாலாவில் ஹென்ஷென் என்ற மருத்துவர், பனிச்சறுக்குப் பந்தயக்காரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்தே அவர்களின் இதயம் பெரிதாக இருப்பதைக் கண்டறிந்தார். அதன்பின் நூறாண்டுகளாக மருத்துவர்களை வதைப்பது ஒரே கேள்வி: இந்தப் பெரிய இதயம் பயிற்சியால் வந்ததா, நோயா? தினமும் பல மணி நேரம் ஓடுபவரின் நாடி, ஓய்வில் நிமிடத்துக்கு 40 இருக்கும். இதயச் சுவரும் தடித்திருக்கும். ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி என்னும் பரம்பரை நோயிலும் சுவர் தடிக்கும். அந்தத் தடிப்பிலிருந்து மரண நடுக்கம் கிளம்பலாம். 15 மில்லிமீட்டருக்கு மேல் போனால் நோய் என்கிறார்கள். 13க்கும் 15க்கும் நடுவே இருப்பவர்களை வைத்துக்கொண்டு மருத்துவர்கள் படும் பாடு சொல்லி மாளாது. அந்த இரண்டு மில்லிமீட்டரில் ஒரு பையனின் தொழிலே தொங்கிக்கொண்டிருக்கிறது.

இத்தாலி இதற்குச் சட்டத்தால் விடை கண்டது. 1982 முதல் போட்டிகளில் பங்கேற்கும் எல்லோருக்கும் ஆண்டுதோறும் ஈசிஜியோடு கூடிய பரிசோதனை கட்டாயம். பதுவா நகரத்து டொமெனிக்கோ கொராடோவின் குழு 2006இல் ஜாமா இதழில் அதன் பலனை வெளியிட்டது: வெனெட்டோ பகுதியில் விளையாட்டு வீரர்களின் திடீர் இதய மரணம் ஒரு லட்சம் நபர்-ஆண்டுக்கு 3.6 என்பதிலிருந்து 0.4ஆக இறங்கியிருந்தது. 89 சதவீத வீழ்ச்சி. பரிசோதிக்கப்பட்டவர்களில் இரண்டு சதவீதம் பேர் இதயக் காரணத்தால் தடுக்கப்பட்டிருந்தனர். ஐரோப்பா முழுக்க இந்த ஒரு வரைபடத்தைக் காட்டித்தான் ஈசிஜிக்காக வாதாடினார்கள்.

வரைபடம் பொய் சொல்லவில்லை. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க, பரிசோதனை இல்லாத ஒரு வெனெட்டோ இல்லை. இஸ்ரேலும் 1997இல் இதேபோலச் சட்டம் போட்டது. சட்டத்துக்கு முன்னும் பின்னுமாக 24 ஆண்டுகளை 2011இல் எண்ணிப் பார்த்தார்கள்: முன்பு ஒரு லட்சத்துக்கு 2.54, பின்பு 2.66. ஒன்றும் மாறவில்லை. அந்த ஆய்வாளர்கள் இன்னொரு வேலையும் செய்தார்கள். சட்டம் வருவதற்குச் சற்று முந்தைய இரண்டாண்டுகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டால், தற்செயலாக அப்போது மரணங்கள் கூடியிருந்ததால், இங்கும் பெரும் வீழ்ச்சி போலவே தெரியும் என்று காட்டினார்கள். சில மரணங்கள் அதிர்ச்சியாக நடந்த பிறகுதானே எந்த நாடும் சட்டம் போடுகிறது! அடுத்த சில ஆண்டுகளில் எண்ணிக்கை தானாகவே தணியும். பெயர் சட்டத்துக்குப் போகும்.

இங்கிலாந்தின் ஆய்வு வேறு வகையில் சங்கடமானது. கால்பந்துச் சங்கம் 1996 முதல் 2016 வரை 11,168 இளம் வீரர்களை, சராசரி வயது 16, ஈசிஜியும் எக்கோவும் எடுத்துப் பரிசோதித்தது. பணமும் நிபுணர்களும் தாராளம். 42 பேரிடம் திடீர் மரணத்துக்கு இட்டுச்செல்லும் நோய் பிடிபட்டது. பெரும்பாலோர் சிகிச்சைக்குப் பிறகு மறுபடி ஆடினார்கள். இது பரிசோதனையின் வெற்றி, குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் பின்னர் எட்டுப் பேர் திடீர் இதய மரணம் அடைந்தார்கள். அவர்களில் ஆறு பேரின் பரிசோதனை முடிவு 'நார்மல்'. பரிசோதனைக்கும் மரணத்துக்கும் நடுவே சராசரியாக ஆறேழு ஆண்டுகள். 16 வயதில் இல்லாத தடிப்பு 22 வயதில் வந்துவிட்டது. ஒருமுறை பார்த்துச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவதன் எல்லை இது.

அரிதான நோயைத் தேடுவதன் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் வீரர்கள், அதில் 300 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை நூற்றுக்கு 80 நோயாளிகளைப் பிடிக்கிறது, நலமானவர்களில் நூற்றுக்கு மூன்று பேரைத் தவறாகச் சந்தேகிக்கிறது, நல்ல பரிசோதனைதான். பிடிபடும் உண்மையான நோயாளிகள் 240. தவறிப்போகிறவர்கள் 60. வீணாகச் சந்தேகிக்கப்படுபவர்கள் ஏறத்தாழ 3,000. அந்த 3,000 பேரும் அடுத்தடுத்து எம்ஆர்ஐ, டிரெட்மில், மரபணுச் சோதனை என்று அலைய வேண்டும். அதுவரை களத்தில் இறங்க முடியாது. 2013இல் வீரர்களின் ஈசிஜியைப் படிப்பதற்கென்று வகுத்த விதிகளுக்கு 'சியாட்டில் அளவுகோல்' என்று பெயர். மறுபடியும் அதே ஊர். 2017இல் அது சர்வதேச விதியாக விரிந்தது. வீண் சந்தேகம் பெரிதும் குறைந்திருக்கிறது என்றாலும் அடிப்படைக் கணக்கு மாறாது.

ஆபத்து எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதும் உண்டு. அமெரிக்கக் கல்லூரி வீரர்களிடம் திடீர் இதய மரணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 54,000 பேரில் ஒருவர். முதல்நிலைக் கல்லூரிகளின் கூடைப்பந்து ஆடும் ஆண்களிடம் அது 5,200இல் ஒருவர். எல்லோரையும் ஒரே சல்லடையில் போடுவதைவிட, ஆபத்து திரளும் இடத்தில் நுணுக்கமாகவும் திரும்பத் திரும்பவும் பார்ப்பது அறிவுடைமை.

எந்தச் சல்லடையிலும் சிக்காதவையும் உண்டு. 2023 ஜனவரியில் சின்சினாட்டியில் அமெரிக்கக் கால்பந்து வீரர் டாமர் ஹாம்லின், மோதி எழுந்து நின்ற மறுகணம் விழுந்தார். துடிப்பின் மிகச் சிறிய ஒரு பகுதியில் மார்பில் அடி விழுந்தால் நலமான இதயமும் நடுங்கத் தொடங்கிவிடும். அங்கே முன்கூட்டிக் கண்டுபிடிக்க நோயே இல்லை. களத்தின் ஓரத்தில் பயிற்சி பெற்ற ஆட்களும் டிஃபிப்ரிலேட்டரும் இருந்தன. பிழைத்து, மறுபடி ஆடினார். நடுங்கும் இதயத்துக்கு அதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தால் அந்த இறக்கம் மெதுவாகும். நம் ஊரில் விமான நிலையத்துச் சுவரில் டிஃபிப்ரிலேட்டர் பெட்டியைப் பார்க்கிறோம். கபடி நடக்கும் பொட்டலிலும் மாவட்ட விளையாட்டரங்குகளிலும் அது எங்கே என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். போட்டிக்கு முன் ஸ்டெதாஸ்கோப்பைத் தொட்டுவைத்து எழுதித்தரும் 'உடல்தகுதிச் சான்றிதழ்' மட்டும் தவறாமல் கோப்பில் இருக்கிறது. பரிசோதனைக்குச் செலவிடக் காசு குறைவாக இருக்கும் ஊரில், முதல் காசு அந்தப் பெட்டிக்கும் உடற்பயிற்சி ஆசிரியருக்கு நெஞ்சழுத்தம் கற்றுத்தருவதற்கும் போக வேண்டும். ஈசிஜி அதற்குப் பிறகு.

டயாலிசிஸ் பக்கத்திலோ அப்படி ஒரு பெட்டியால் பெரிய மாற்றம் வராது. அங்கே மாற வேண்டியது கால அட்டவணை. 2010இல் வட அமெரிக்காவில் 245 பேரிடம் வாரம் ஆறு முறை டயாலிசிஸையும் மூன்று முறையையும் ஒப்பிட்டார்கள். ஆறு முறை செய்தவர்களின் இதயத் தடிப்பு குறைந்தது, உடல்நிலை தேறியது. டயாலிசிஸ் ஊசி குத்தக் கையில் அமைக்கும் நாள இணைப்பான ஃபிஸ்டுலாவுக்குத் தொல்லை கூடியது என்பதும் உண்மை. 2023இல் ஐரோப்பாவில் 1,360 பேரிடம் செய்த ஆய்வில், ரத்தத்திலிருந்து பெரிய அளவு நீரை வடித்து ஈடாகத் தூய திரவத்தை ஏற்றும் ஹீமோடயாஃபில்ட்ரேஷன் முறையில் மரணம் 21.9 சதவீதத்திலிருந்து 17.3ஆகக் குறைந்தது. அந்த லாபத்தின் பெரும்பகுதி தொற்றுநோய் மரணங்கள் குறைந்ததால் வந்தது. இதய மரணம் அவ்வளவாக அசையவில்லை.

இந்தியாவில் நிலைமை இன்னும் ஒரு படி பின்னால் இருக்கிறது. பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் 2016இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் செலவை ஏற்கிறது. ஆனாலும் வாரம் இரண்டு முறை மட்டுமே செய்துகொள்பவர்கள் நம்மிடம் ஏராளம். திங்களும் வியாழனும் என்றால் ஒரு இடைவெளி மூன்று நாள், மற்றது நான்கு. அமெரிக்கர்கள் வாரத்தில் ஒருமுறை கடக்கிற ஆபத்தான இரவை இவர்கள் இரண்டு முறை, அதிலும் ஒன்றை இன்னும் நீளமாகக் கடக்கிறார்கள். சிறுநீர் இன்னும் ஓரளவு போகிறவர்களுக்கு இரண்டு முறை போதுமானதாக இருக்கலாம். அதற்கு 24 மணி நேரச் சிறுநீரை அளந்து மாதாமாதம் பார்க்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் இரண்டு முறை என்பதை முடிவுசெய்வது அந்த அளவு அல்ல. பேருந்துக் கட்டணம், கூட வருபவரின் கூலி இழப்பு, காலியாக இல்லாத இயந்திரம் ஆகியவைதான் முடிவுசெய்கின்றன.

சிகிச்சை இலவசமானாலும் பயணம் இலவசமில்லை. வட்டத் தலைநகரிலேயே நான்கு இயந்திரம் இருந்தால் மூன்றாவது முறைக்கு வருவார்கள்; மாவட்டத் தலைநகரில் நாற்பது இருந்தாலும் வரமாட்டார்கள். வயிற்றுவழி டயாலிசிஸைக் கற்றுக்கொடுத்து, திரவப் பைகளை வீட்டுக்கே அனுப்பினால் நீண்ட இடைவெளி என்ற சங்கதியே இல்லை. இயந்திரம்தான் வழி என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஓடவேண்டும். அதற்கு இரண்டு வாரத்தில் ஆறுக்குப் பதில் ஏழு அமர்வு, ஞாயிற்றுக்கிழமை ஒரு ஷிஃப்ட், அந்த ஷிஃப்டுக்கு இரண்டு டெக்னீஷியன், ஒரு நர்ஸ், காப்பீட்டு விதிகளில் கூடுதலான அமர்வுக்கு ஓர் இடம்.